கொடுத்துவிட்டு வந்தபிறகு: சேவைச் சங்கப் பணிகளில் இன்னும் உறுத்துபவை

லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களில் பணி செய்பவர்கள், தங்கள் பணியையே புனைபெயராக வைத்து, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு எழுதியவை இவை.

சக்கரம்:

சக்கர நாற்காலி வழங்கும் விழா முடிந்து எட்டு மாதம். அந்த வீட்டு மூலையில் சக்கர நாற்காலி நிற்கிறது. சீட்டின் மேல் சுற்றி வந்த பாலிதீன் உறை அப்படியே இருக்கிறது. இரண்டு டயரும் காற்றில்லாமல் தரையோடு, கைப்பிடியில் துவைத்த துணி. யாருக்குக் கொடுத்தார்களோ அந்த அம்மா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறார். "உட்கார்ந்தா வழுக்கி வழுக்கி முன்னாடி வந்துடுறேன்பா, அதான் விட்டுட்டேன்" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. ஏதோ தன் தப்பு மாதிரி.

தப்பு அளவில். அன்று மேடையில் அடுக்கியிருந்தது எல்லாம் ஒரே அளவு, சீட் அகலம் 18 அங்குலம். அவருடைய இடுப்பின் அகலம் 14 அங்குலம் இருந்தால் அதிகம். இரண்டு பக்கமும் காலி விட்டால் உடம்பு ஒரு பக்கமாகத்தான் சாயும். ஆழம் இன்னும் மோசம். சீட் தொடையைவிட நீளமாக இருந்தால், முதுகைச் சாய்த்து உட்காரும்போது முழங்கால் மடிப்பில் விளிம்பு இடிக்கும். இடிக்காமல் இருக்க இடுப்பை முன்னே தள்ளுவார்கள். அவர் சொன்ன வழுக்கல் அதுதான். மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், இதற்கு டேப் கூட வேண்டாம். மெத்தையும் கொடுக்கவில்லை. தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி போனவரை வெறும் ரெக்சின் மேல் உட்கார வைத்தால் சில மணி நேரத்திலேயே புண்ணுக்கு வழி பிறந்துவிடும், வலிக்காததால் அவருக்கே தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் இதற்கென்று வழிகாட்டி போட்டது. பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதியும் ஆர்டரும், நாற்காலியைத் தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பிறகு பழுதும் பராமரிப்பும் என்று எட்டுப் படி. தேடிப் பார்த்தாகிவிட்டது, மேடையில் வழங்குதல் என்று ஒரு படி அதில் இல்லை.

கண்ணாடி மேசை:

பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி. எல்லா சங்கத்திலும் ஒன்று இருக்கும். 1925-ல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் வந்து, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து கண் பணி அவர்களுக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது, அந்த வழக்கம் மற்றவர்களுக்கும் பரவியது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒரு முகாமில் பெரியவர் ஒருவர் பெட்டியைக் கிளறி, போட்டுப் போட்டுப் பார்த்து, "இது பளிச்னு இருக்கு" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சமதளம். நாலடி போனவர் இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்தார். கூட வந்த பேரன் பிடித்துக்கொண்டான்.

படிக்கும் கண்ணாடி அது, பிளஸ் பவர் அதிகம். போட்டுக்கொண்டு நடந்தால் தரை மங்கலாகவும் கிட்டத்திலும் தெரியும். வாங்கிக்கொண்டு போகிறவரிடம் "உட்கார்ந்து படிக்க மட்டும்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றும் வேறொருவர் கண்ணுக்குச் செய்தது. வலது ஒரு பவர், இடது ஒரு பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் உள்ள மங்கலுக்கான பவர்), அதற்கு ஒரு கோணம். நான்கும் இன்னொருவருக்கு அப்படியே பொருந்துவது லாட்டரி. பவர் பொருந்தினாலும் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் இருக்கிறது. 4 பவர் லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகினால் பார்வையைத் திசை திருப்பும் விளைவு, பிரிசம் என்பார்கள், 2 அளவு, அதுவும் ஒரு கண்ணுக்கு. கண்கள் அதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும், சாயங்காலம் தலைவலியாக வெளியே வரும். 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று இப்படிச் சேர்ந்த கண்ணாடிகளைக் கணக்குப் பார்த்தது. உபயோகத்துக்குத் தேறியது நூற்றுக்கு ஏழு. தேறிய ஒன்றுக்கு ஆன செலவு புது ரெடிமேட் கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால் கிட்டத்தில் இருப்பதைப் படிக்கும் கஷ்டத்துக்கு +1.00 முதல் +3.00 வரை புது ரெடிமேட் வாங்கி வைப்பதே மேல். நடு பவர்கள்தான் முதலில் தீரும், கூடுதலாக எடுங்கள். 40 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்க வையுங்கள், தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த பவரைக் கொடுங்கள். தூரத்தில் இருப்பது மங்கல் என்பவருக்கு முதலில் ஊசித்துளை அட்டை, துளை 1.2 மில்லிமீட்டர். அதன் வழியே பார்த்துத் தெளிந்தால் கண்ணாடியால் சரியாகும் குறை. தெளியவில்லையா, பெட்டி பக்கமே விடாதீர்கள், நேரே கண் மருத்துவரிடம்.

ரத்தப் பை:

கண்ணாடி நண்பர் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. பழைய கண்ணாடி வேண்டாம், சரி. ஆனால் பெட்டி வைப்பதால்தான் பாதிப் பேர் சங்கத்துக்குள் வருகிறார்கள். பிரேம் உடையாமல் இருந்தால் லென்ஸை மாற்றிக்கொள்ளலாமே. எல்லாவற்றையும் ஆய்வு வைத்து மூடிவிடக் கூடாது.

என் பங்குக்கு இது. ரத்ததானம் முடிந்து எழுந்த பையன், பத்தொன்பது இருபது வயது, முதல் தடவை. கட்டிலிலிருந்து இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சான்றிதழைக் கையில் கொடுத்து பேனருக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். "எல்லாரும் வரட்டும், ஒரே குரூப்பா எடுத்துடலாம்." நின்றான். உதடு வெளுத்தது, கொட்டாவி விட்டான், நெற்றியில் வியர்வை. கேமரா பிடித்தவர் "சிரிங்க தம்பி" என்று சொல்லும்போது சாய்ந்தான். பேனர் கம்பத்தில் மோவாய் கிழிந்தது.

கொட்டாவி, வெளுப்பு, வியர்வை. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கேயே படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், நாற்காலி தேடி ஓடக் கூடாது. எடுப்பது 350 அல்லது 450 மில்லிதான். விழ வைப்பது ரத்தம் குறைந்தது மட்டுமல்ல, நரம்பு வழியாக நாடித்துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்குவது. முதல் தடவை கொடுப்பவர், இளவயது, எடை குறைவு, இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கொடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் அரை லிட்டர் தண்ணீர். எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுச் சற்று நேரம். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். போட்டோ வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவரிடம் கேமரா போகட்டும்.

எண்ணிக்கைப் போட்டி இன்னொரு தலைவலி. சாதாரணப் பையில் சிவப்பணு 35 நாள்தான் தாங்கும், கூடுதல் ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42. தட்டணு 5 நாள். ஒரே நாளில் வங்கியின் தேவையைப் போல மூன்று மடங்கு எடுத்துக் குவித்தால், ஒரே தேதி எழுதிய பைகள் ஒரே வாரத்தில் காலாவதியாகும். கொடுத்தவர்களை அடுத்த மூன்று மாதத்துக்குக் கூப்பிடவும் முடியாது. தேதி குறிப்பதற்கு முன் ரத்த வங்கிக்கு ஒரு போன், "எந்த வாரம் எத்தனை பை வேண்டும்?"

பழைய பொருளாளர்:

ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு என்று சங்கம் பணம் திரட்டியது. அறுவை வேறு திட்டத்தில் இலவசமாக நடந்துவிட்டது. பணம் நின்றுவிட்டது. குழந்தையின் அம்மா, "மருந்துக்கும் போக்குவரத்துக்குமாவது தரலாமே" என்று கேட்டார். நோட்டீஸில் "அறுவை சிகிச்சைக்கு மட்டும்" என்று அச்சடித்திருந்தார்கள். அந்த "மட்டும்" மூன்று வருடம் பணத்தைத் தூங்க வைத்தது.

இதைப் படிக்கும் செயலாளர்களுக்குச் சொல்லிவைக்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். நோட்டீஸில் நோக்கத்தை எழுதும்போதே, "மிஞ்சினால் அல்லது தேவைப்படாமல் போனால் இன்ன பணிக்கு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொதுமக்களிடம் திரட்டியது வேறு கணக்கு, சந்தா வேறு கணக்கு. லயன்ஸில் இது எழுதப்பட்ட விதியே. பொதுமக்கள் பணம் பொதுமக்களுக்குத்தான், அதிலிருந்து கூட்டச் செலவுக்குக் கை வைக்கக் கூடாது. உண்டியலைத் திறக்கும்போது இருவர் எண்ண வேண்டும், அந்த இடத்திலேயே தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், "வீட்டுக்குப் போய் எண்ணிக்கலாம்" கூடவே கூடாது. ரசீதுப் புத்தகத்தை வரிசை எண்ணோடு, யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று எழுதிக் கொடுங்கள். கெட்டுப்போன ரசீதைக் கிழித்துப் போடாமல் "ரத்து" என்று எழுதி அடிக்கட்டையோடு வையுங்கள். நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வசூலை மட்டும் அறிவிக்காதீர்கள். அரங்கம், ஒலிபெருக்கி, அச்சு எல்லாம் போக எவ்வளவு பணிக்குப் போனது என்பதே கணக்கு. உறுதி சொன்ன தொகையை வந்த தொகையோடு சேர்த்துக் கூட்டாதீர்கள், அட்டையில் செய்த பெரிய காசோலையை வங்கி வாங்காது. ரோட்டரியாகட்டும் லயன்ஸாகட்டும், ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. தலைவரும் அநேகமாக மாறிவிடுவார். அதனால் மே, ஜூனில் அவசரமாகச் செலவழித்த பணத்துக்குத்தான் ஜூலையில் காகிதம் தேட வேண்டியிருக்கும். முடியாத பணி எது, அதில் மிச்சம் எவ்வளவு, பொறுப்பு யார் என்று ஒரு பக்கம் எழுதி, புதியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

மண்வெட்டி:

பொருளாளர் ஐயா, கணக்குப் பாடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஜூன் விஷயம் சரி.

மரக்கன்று. நட்டு ஒரு வருடத்தில் பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கினால் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. அடியில் கறுப்புப் பாலிதீன் பை, கிழிக்கவே இல்லை. வேர் பைக்குள் பம்பரக் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது. பக்கத்துக் குழியிலும் அதே. நூறு பேர் நட வந்தார்கள், ஒருவர் கையிலும் பிளேடு இல்லை. பையை அடியிலும் பக்கத்திலும் கீறி எடுத்து, சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு, தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்துக்கு வரும்படி வைக்க வேண்டும். முட்டுக்குச்சியில் கட்டும் கயிறு எட்டு வடிவத்தில் தளர்வாக இருக்கட்டும், கம்பி வேண்டவே வேண்டாம். முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பெயர் எழுதிய பிறகு குழி வெட்டுங்கள். பத்துக்கு ஆள் இருந்தால் பத்து.

ஐஸ் பெட்டி:

எல்லோரும் பெரிய எண்ணிக்கையைத் திட்டுகிறீர்கள். போலியோவை மறந்துவிட்டீர்கள். ரோட்டரி 1985-ல் போலியோவை ஒழிக்கப் போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. 1988-ல் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை முடக்கிய நோய் இன்று விரல்விட்டு எண்ணும் நாடுகளில்தான் உள்ளூர் நோயாக மிஞ்சியிருக்கிறது. கூட்டம் கூட்டாமல், பேனர் கட்டாமல் அது நடந்திருக்காது.

ஆனால் சக்கரம் சொன்ன குறை, கையில் கொடுத்துவிட்டு விவரம் பார்க்காமல் விடுவது, அங்கேயும் உண்டு. சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடுபட்டால் சதுரம் கறுக்கும், வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைத் தூக்கிப்போட வேண்டும், காலாவதித் தேதி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. ஒரு மையத்தில் தொண்டர் குப்பியை வெயில் படும் மேசையில் வைத்துவிட்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நல்ல மனுஷர், காலை ஆறு மணிக்கே வந்தவர். சதுரம் எது என்று மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை. தொப்பியும் பேட்ஜும் கொடுத்த நேரத்தில் இதை அரை நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

கண்ணாடி மேசை:

ரத்தப் பை அண்ணா, பிரேமை வைத்துக்கொண்டு லென்ஸ் மாற்றுவது நடக்கும், ஆனால் ஒவ்வொரு பிரேமுக்கும் லென்ஸைத் தனியாக வெட்டித் தேய்க்க வேண்டும். அதற்குப் புதுக் கண்ணாடியே மலிவாக முடியும். பெட்டி இருக்கட்டும், ஆள் சேர்க்க.

சக்கரம், அந்த அம்மா நாற்காலி என்ன ஆனது?

சக்கரம்:

வேறு அளவு வர நாளாகும் என்பதால் இருப்பதையே சரிசெய்வதுதான் நடக்கிறது. முதுகுக்குப் பின்னால் கெட்டியான ஃபோம் பலகை, சீட் ஆழம் அந்த அளவுக்குக் குறையும். இரண்டு பக்கமும் இடுப்பை ஒட்டி அதே ஃபோம். கீழே 5 சென்டிமீட்டர் மெத்தை. மெத்தை வைத்ததும் கால் அந்தரத்தில் தொங்கும், கால்பலகையையும் அதே அளவு உயர்த்தி போல்ட்டை முடுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

டியூப் வாங்கும்போது வெறுமே "24 அங்குலம்" என்று கேட்டால் சைக்கிள் ரிம்முக்கான வேறு அளவு வந்துவிடும். டயர் பக்கவாட்டில் 37-540 என்று இருக்கிறதா பார்த்து அதையே கேட்க வேண்டும். காற்றடித்த பிறகு கட்டைவிரலால் அழுத்தினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. காற்று குறைந்தால் தள்ளுவதும் கஷ்டம், பிரேக்கும் பிடிக்காது.

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் உட்காரச் சொல்லியிருக்கிறது. நடுவில் முன்னால் குனிந்து பின்பக்கத்தில் விழும் எடையைக் குறைக்க வேண்டும். எழுந்ததும் மகள் பின்பக்கத்தைப் பார்ப்பார். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் புறங்கையை வைத்து எங்காவது சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் காட்டிக் கொடுத்தாகிவிட்டது. பாலிதீன் உறையை அந்த அம்மாவே கிழித்தார்.