‘டிஸ்க்ளைமர்’: தேர்தல் விளம்பரத்தில் அது பொறுப்புத் துறப்பு ஆகுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தேர்தல் விளம்பர விதிகளுக்கான சொற்பட்டியலில் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறோம். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை அந்த விளம்பரத்திலேயே பொறிக்க வேண்டும் என்கின்றன பல நாட்டுச் சட்டங்கள். அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் அந்த வாசகத்துக்கு டிஸ்க்ளைமர் என்று பெயர். அதற்குத் தமிழில் ‘பொறுப்புத் துறப்பு’ என்ற சொல் ஊன்றிவிட்டது. மென்பொருள் உரிமத்துக்கும் மருந்துக் குறிப்புக்கும் அது பொருந்தும். இங்கே நடப்பது நேர் எதிர். ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று கைகழுவும் வாசகம் இல்லை இது. ‘காசு எங்களுடையது’ என்று ஒப்புக்கொள்ளும் வாசகம்.

‘விளம்பர ஆதரவாளர் வெளிப்படுத்தல்’ என்று முன்மொழிகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

———

மறு: டிஸ்க்ளைமர்

> விளம்பர ஆதரவாளர் வெளிப்படுத்தல்

ஐயா, இரண்டு சொல்லுமே சிக்கல்.

தேர்தல் பேச்சில் ஆதரவாளர் என்றால் அந்தக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு தருபவர். எதிர்வேட்பாளரைத் தாக்கும் விளம்பரத்தின் அடியில் ‘ஆதரவாளர்: இன்னார்’ என்று போட்டால், தாக்கப்படுபவரின் ஆதரவாளர் என்றுகூட வாசிக்கலாம்.

‘வெளிப்படுத்தல்’ வேறு வகைச் சிக்கல். அமெரிக்க விதிகளில் டிஸ்க்ளைமர் என்பது விளம்பரத்தின் மேல் இருக்கும் வாசகம். டிஸ்க்ளோஷர் என்பது எவ்வளவு செலவு, யாரிடமிருந்து வந்த பணம் என்று தேர்தல் ஆணையத்துக்குத் தாக்கல் செய்யும் அறிக்கை. முன்னதைப் பார்ப்பவர் வாக்காளர். பின்னதைப் படிப்பவர் தணிக்கையாளரும் செய்தியாளரும். ஒன்றைச் செய்ததால் மற்றொன்று தீர்ந்துவிடாது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு இருந்த தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, இந்த இரண்டு கடமைகளையும் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் நிலைநிறுத்தியது. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் அந்தத் தீர்ப்பைக்கூட ஒழுங்காக எழுத முடியாது.

‘பொறுப்புத் துறப்பு’ முழுக்கப் பிழை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த விதியில் மூன்று நிலைகள் உண்டு. வேட்பாளரின் குழுவே பணம் கொடுத்தால் அதன் பெயர் போதும். வேறொருவர் பணம் கொடுத்து வேட்பாளர் ஒப்புதல் தந்திருந்தால் இரண்டையும் சொல்ல வேண்டும். ஒப்புதலே இல்லாமல் வெளியார் வெளியிட்டால் பணம் கொடுத்தவரின் முழுப்பெயர், அவரது நிலையான முகவரி அல்லது தொலைபேசி எண் அல்லது இணைய முகவரி, அதோடு ‘எந்த வேட்பாளரும் ஒப்புதல் அளிக்கவில்லை’ என்ற வாக்கியம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மையிலேயே ஒரு மறுப்பு. அதை வைத்து முழு வாசகத்துக்கும் துறப்பு என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

———

மறு: மறு: டிஸ்க்ளைமர்

அம்மா சொன்ன பிரிப்பை ஏற்கிறேன். அப்படியானால் முதலில் ஆளுக்குச் சொல் தேடுவோம், வாசகத்துக்கு அதன் வழியே கிடைக்கும். பரிசீலிக்கத்தக்கவை:

அனுசரணையாளர். இலங்கைத் தமிழில் ஸ்பான்சருக்கு நன்கு ஊன்றிய சொல். ஆனால் விளையாட்டுப் போட்டி, கலைவிழா வாடை வீசுகிறது.

விளம்பரதாரர். தமிழகத் தொலைக்காட்சியில் புழங்குவது. விளம்பரம் கொடுத்தவர் யாரோ அவர்தானே பணம் கொடுத்தவரும் என்று வணிக விளம்பரத்தில் எடுத்துக்கொள்ளலாம். தேர்தலில் முகவர் ஒருவர் இடம் வாங்குவார், குழு ஒன்று பணம் தரும், பெயர் வேட்பாளருடையதாக இருக்கும்.

புரவலர். புகழ்ச்சி கலந்த சொல், சட்டத்துக்கு ஆகாது.

உபயம். ‘பணம் இவருடையது’ என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழகிய சொல் கிடையாது. குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைக்குமளவுக்கு எழுதப்படும் சொல். ஆனால் உபயதாரர் தன் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர். இங்கே நாம் தேடும் ஆள் தெரியக்கூடாது என்று ஒளிபவர்.

ஆகவே ‘செலவை ஏற்றுக்கொண்டார்’ என்ற இயல்பான வழக்கிலிருந்து: செலவேற்பவர். வாசகத்துக்கு ‘செலவேற்பு வரி’.

———

மறு: செலவேற்பவர்

செலவேற்பவர் நன்று. ‘செலவேற்பு வரி’ வேண்டாம். பணம் பேசும் இடத்தில் வரி என்றால் அரசுக்குக் கட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். செலவேற்புக் குறிப்பு என்று வைக்கலாம்.

வடிவமைப்பவர் கண்ணோட்டத்தில் சில சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல் அகராதிக்குள் அடங்கியிருக்கப் போவதில்லை. திரையில், சுவரொட்டியில், மிகக் குறைந்த இடத்தில் வந்து உட்காரப் போகிறது.

‘…ஆல் பணம் செலுத்தப்பட்டது’ என்ற வாக்கியத்தை அறவே தவிர்க்க வேண்டும். ஆங்கில வாடை என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. விதிகள் கேட்பது முழுப்பெயரை. தமிழில் வேற்றுமை உருபு பெயரையே மாற்றிவிடும்: மன்றம் ‘மன்றத்தால்’ ஆகும், இயக்கம் ‘இயக்கத்தால்’ ஆகும். பதிவேட்டில் உள்ள பெயர் விளம்பரத்தில் அப்படியே இருக்காது, தேடினால் அகப்படாது. எனவே ‘செலவேற்பவர்:’ என்று முக்காற்புள்ளி வைத்து, பெயரை உருபில்லாமல் பதிவில் உள்ளபடி எழுத வேண்டும்.

‘செலவு:’ என்று மட்டும் போட்டால் இன்னும் குறுகும் என்று தோன்றும். ஆனால் அதற்குப் பின் தொகை வரும் என்றுதான் வாசகர் எதிர்பார்ப்பார்.

அடுத்து அளவு. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரத்தில் எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் குறைந்தது 4 விழுக்காடு, 4 விநாடி திரையில் நிற்க வேண்டும், பின்னணியோடு தெளிவான நிற வேறுபாடு வேண்டும். 1080 கோடு உயரமுள்ள படத்தில் 4 விழுக்காடு என்றால் சுமார் 43 படப்புள்ளி. இங்கேதான் தமிழ் எழுத்துருவில் பலர் சறுக்குவது. மென்பொருளில் எழுத்துரு அளவு 43 என்று கொடுத்தால் எழுத்து 43 உயரம் வராது. மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும், கீழே உகரக் குறிகளுக்கும் ஒதுக்கிய இடமும் அந்த 43இல் அடக்கம். ‘ப’ போன்ற வெற்றெழுத்தை மட்டும் அளந்து பாருங்கள், வெகுவாகக் குறைந்திருக்கும். வெற்றெழுத்தே 43ஐத் தொடும்வரை அளவை ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

நிமிர்ந்த கைபேசிக் காணொளிக்கு அதே 4 விழுக்காட்டை அளவுகோலாக எடுத்தால் நிலைமை கடுமை. 1080 அகலம், 1920 உயரம்; எழுத்து சுமார் 77 உயரம். ‘செ’, ‘ண’ போன்றவை அகலமானவை என்பதால் வரிக்குப் 10 எழுத்து தேறினாலே பெரிது. ‘பணம் செலுத்தியவர்’ இடைவெளி நீங்கலாக 10 எழுத்து. ஒரு வரியை அதுவே விழுங்கிவிடும். ‘செலவேற்பவர்’ 7 எழுத்து.

அச்சில் இவ்வளவு நெருக்கடி இல்லை. 24க்கு 36 அங்குலம் வரையான சுவரொட்டிக்கு 12 புள்ளி எழுத்து இருந்தால் அளவு போதுமென்று அந்த விதி ஏற்கிறது. மற்ற வாசகங்களோடு கலக்காமல் தனிக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அடிக்கடி மறக்கப்படுவது. பேனா, சட்டைப் பொத்தான் வில்லை, வண்டி ஒட்டி போன்ற சிறு பொருள்களுக்கு விலக்கு உண்டு.

———

மறு: செலவேற்பவர்

> சிறு பொருள்களுக்கு விலக்கு

இணையத்தில் இந்த விலக்கைத்தான் நெடுங்காலம் சாக்காகச் சொன்னார்கள்: விளம்பரப் பெட்டி சிறியது, இடமில்லை என்று. அமெரிக்காவில் 2023 மார்ச் 1 முதல் அமலில் உள்ள விதி அதற்கு ஒரு கணக்கு வைத்தது. முழுக் குறிப்பும் விளம்பரப் பரப்பில் 25 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளுமானால் மட்டும் சுருக்கக் குறிப்பு போடலாம். அப்போதும் செலவேற்பவரின் பெயர் கண்முன் இருக்க வேண்டும். மேலும் விவரம் உண்டு என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒரே ஒரு சொடுக்கில் முழுக் குறிப்பும் தெரிய வேண்டும். இதற்குச் ‘சுருக்கச் செலவேற்புக் குறிப்பு’ என்றே சொல்லிவிடலாம், தனிச்சொல் தேவையில்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. செலவேற்பவர் என்ற சொல் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு சட்டமும் வேறு வேறு ஆளைப் பிடிக்கிறது.

இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127அ பிரிவு கேட்பது அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும். வெளியிடுபவர் தன்னை அறிந்த இருவரின் சான்றொப்பத்தோடு உறுதிமொழியை இரண்டு படிகளாக அச்சகத்தில் தர வேண்டும். அச்சகத்தார் அதில் ஒன்றையும் அச்சிட்ட தாளில் ஒன்றையும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கோ மாவட்ட நடுவருக்கோ (மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ. 2,000 வரை அபராதம் அல்லது இரண்டும். கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் மட்டும் அறிவிக்கும் தாளுக்கு இது பொருந்தாது. இவ்வளவு நடைமுறையிலும், சுவரொட்டியின் மேல் வர வேண்டியவற்றில் ‘பணம் யாருடையது’ என்பது இல்லை. வெளியிடுபவர் ஒருவராகவும் பணம் தந்தவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் இந்தக் குறிப்புக்கு இம்ப்ரிண்ட் என்று பெயர். அங்கே மையமானவர் வெளியிடச் செய்தவர். யார் சார்பில் வெளியிடப்பட்டதோ அவர் பெயரும் முகவரியும் கூடவே வரும். 2023 நவம்பர் 1 முதல் இணையத்துக்கும் இது உண்டு. கட்டண விளம்பரம் என்றால் யார் போட்டாலும் கட்டாயம். கட்டணமில்லாப் பதிவு என்றால் கட்சி, வேட்பாளர் போன்றோருக்கு மட்டும். ஆக, பணமே செலவாகாத பதிவுக்கும் அங்கே குறிப்பு வேண்டும். அதைச் செலவேற்புக் குறிப்பு என்று எப்படிச் சொல்வது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/900 விதி பெரும்பாலும் 2025 அக்டோபர் 10 முதல் பொருந்துகிறது. அதில் ஸ்பான்சர் என்பவர் யாருடைய கோரிக்கையின் பேரில் அல்லது யார் சார்பில் விளம்பரம் உருவாகிறதோ அவர். அவரை இறுதியில் ஆட்டுவிப்பவர் ஒருவர் இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். எந்தத் தேர்தலோடு தொடர்புடையது, ஆள்பார்த்துக் குறிவைத்துக் காட்டப்பட்டதா என்பதும் வர வேண்டும்.

———

மறு: செலவேற்பவர்

அம்மாவின் தடை நியாயமானது. ஒரே சொல்லில் எல்லாரையும் அடைக்க வேண்டியதில்லை. பொதுச்சொல் ஒன்று, அதன் கீழ் வகைச்சொற்கள் என்று பிரிப்போம்.

பொதுச்சொல்: பொறுப்பாளர் குறிப்பு. விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று விளம்பரத்திலேயே இருக்கும் எந்த வாசகமும் இதில் அடங்கும். பொறுப்புத் துறப்புக்கு எதிர்நிலை என்பதும் சொல்லிலேயே விளங்கிவிடும்.

வகைகள்: பணத்தைச் சொன்னால் செலவேற்புக் குறிப்பு, அமெரிக்க வகை. பிரிட்டன் வகைக்கு வெளியீட்டாளர் குறிப்பு. இந்திய வகைக்கு அச்சு வெளியீட்டுக் குறிப்பு. செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் ‘அச்சிட்டு வெளியிடுபவர்’ என்று வருவதே முன்மாதிரி. ஐரோப்பிய விதியின் ஸ்பான்சரைக் கோருநர் எனலாம். அவருக்கும் மேலே இருப்பவர் இறுதிக் கட்டுப்பாட்டாளர்.

இந்தக் கடைசிச் சொல்லில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பொறுப்பாளர் குறிப்பு தோற்றுப்போகும் முதல் இடம் எழுத்தின் அளவு அல்ல, பெயர். ‘குடிமக்கள்’, ‘நலம்’, ‘எதிர்காலம்’ என்ற சொற்களைக் கோத்து நேற்றுப் பதிந்த ஓர் அமைப்பின் பெயரைப் பெரிய எழுத்தில், தனிக் கட்டத்தில், சட்டப்படி அச்சிடலாம். வாக்காளருக்கு ஒன்றும் தெரியாது. கலிஃபோர்னியா இதற்காகவே 2018 முதல், குறிப்பிட்ட குழுக்களின் விளம்பரத்தில் 50,000 டாலரோ அதற்கு மேலோ தந்தவர்களில் முதல் மூவரின் பெயரையும் கேட்கிறது. இந்த மூவருக்குச் சொல் வேண்டுமானால் ‘முதன்மைக் கொடையாளர்’ போதும்.

ஆணையத்தில் தாக்கல் செய்வதற்கு: நிதி விவர அறிக்கை. இதில் ‘குறிப்பு’ என்ற சொல்லைத் தொடவே கூடாது.

———

மறு: பொறுப்பாளர் குறிப்பு

‘பொறுப்பாளர்’ என்றால் கட்சியில் தொகுதிப் பொறுப்பாளர், தேர்தல் பொறுப்பாளர் என்று ஒரு பதவி இருக்கிறதே? விளம்பரத்தில் நேரடியாகப் ‘பொறுப்பாளர்:’ என்று போட்டால் அந்த ஆளின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

———

மறு: பொறுப்பாளர் குறிப்பு

ஆமாம், அதனால்தான் அதை விளம்பரத்தில் அச்சிட வேண்டாம். சட்டம் பற்றி எழுதும்போது மட்டும் பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதுவும் ‘விளம்பரப் பொறுப்புக் குறிப்பு’ என்று மாற்றி. விளம்பரத்தில் அச்சாகும் தலைப்புச் சொல் எப்போதும் வகைச்சொல்தான்: செலவேற்பவர், வெளியிடுபவர், கோருநர்.

———

மறு: விளம்பரப் பொறுப்புக் குறிப்பு

ஏற்கிறேன். பட்டியலை மூடுமுன் ‘ஆத்தரைஸ்டு’ என்பதற்கும் ஒரு முடிவு வேண்டும். வரைவில் சில இடங்களில் ‘அங்கீகாரம்’ என்றும் சில இடங்களில் ‘ஒப்புதல்’ என்றும் இருக்கிறது. அங்கீகாரம் கூடாது. தேர்தல் ஆணையத்தின் சொல்வழக்கில் ‘அங்கீகரிக்கப்பட்ட கட்சி’ வேறு பொருள் கொண்டது. வெறும் ‘ஒப்புதல் பெறாதது’ என்பதும் ஆபத்து: இந்தியாவில் தொலைக்காட்சி விளம்பரத்தை ஒளிபரப்புக்கு முன் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் காட்டிச் சான்று பெற வேண்டும் என்பதால், அந்தச் சான்று இல்லாத விளம்பரம் என்று படித்துவிடுவார்கள். எங்கு வந்தாலும் ‘வேட்பாளர் ஒப்புதல்’ என்று இரு சொல்லாகவே எழுதுவோம். குழு தருவதற்கு ‘முன்சான்று’. திருத்திய வரைவில் இரண்டையும் மாற்றி ஏற்றுகிறேன்.