ஹெர்மன் கட்டம்: உற்றுப் பார்த்தால் சாம்பல் புள்ளி மறைவது ஏன்?

கேள்வி:
கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் புள்ளி தெரிகிறது. அதையே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடுகிறது. விழித்திரையில் என்னதான் நடக்கிறது?

பதில் 1:
விழித்திரையிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை அனுப்புவது கேங்லியான் செல். அது வெளிச்சத்தை உணரும் சிறு பரப்புதான் அதன் ஏற்புப்புலம். அதில் நடுப்பகுதியும் சுற்றுப்பகுதியும் எதிரெதிராக வேலை செய்யும்: இங்கே நடுவில் விழும் வெளிச்சம் சமிக்ஞையைக் கூட்டும், சுற்றில் விழுவது தடுக்கும். நரம்பியல் ஆய்வாளர் குஃப்லர் 1953இல் பூனையின் விழித்திரையில் இதைக் காட்டினார். சந்திப்பில் சுற்றுப்பகுதி மேல் நான்கு பக்கமும் வெளிச்சம் விழும். கோட்டின் இடையிலோ இரண்டு பக்கம்தான். எனவே சந்திப்பில் தடுப்பு கூடி, சமிக்ஞை குறைகிறது. உற்றுப் பார்க்கும் இடம் விழித்திரையின் மையமான ஃபோவியாவில் விழும்; அங்கே ஏற்புப்புலம் மிகச் சிறியது, வெள்ளைக்குள்ளேயே அடங்கிவிடும். அதான் மறைகிறது.

பதில் 2:
அது பாதி விளக்கம்தாங்க. கோடுகளை லேசாக அலைபோல வளைத்துப் பாருங்க, புள்ளி போய்விடும். வெளிச்சப் பரப்பு கிட்டத்தட்ட மாறவே இல்லையே! மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான காட்சிப் புறணிக்கும் இதில் பங்கு இருந்தாக வேண்டும்.

பதில் 3:
வளைக்கும்போது கோட்டின் அகலத்தை மாற்றாதீங்க. மாற்றினால் எதனால் மறைந்தது என்றே தெரியாது.