பாட்டியின் பாதிப் போர்வை, என் இறுகிய கை

பாட்டி குரோஷா ஊசியால் பின்னிப் பாதியில் விட்டுச்சென்ற பருத்திநூல் போர்வையை 3 மாதமாகத் தொடர்கிறேன். அவருடைய 42 வரிசைகள் சீராக இருக்கின்றன. நான் சேர்த்த 9 வரிசைகளும் இடுப்புப்போல் உள்ளே ஒடுங்குகின்றன.

கண்ணிகளை மும்முறை எண்ணிவிட்டேன், குறையவில்லை. அவருடைய அதே 4 மி.மீ. ஊசி, அதே நூல். ஆனால் அவருடைய 16 கண்ணிகள் 10 செ.மீ.; என்னுடையவை எட்டரைதான். 5 மி.மீ. ஊசியில் அகலம் சரியாகிறது, வரிசை உயர்ந்து இடைவெளி தெரிகிறது. நனைத்து, குண்டூசி குத்தி உலர்த்தினேன், மறுநாளே சுருங்கிவிட்டது.

என் வரிசைகளை எத்தனை முறையும் பிரிப்பேன், அவருடையதில் கைவைக்க மாட்டேன். (31ஆம் வரிசையில் ஒரு கண்ணியைத் தவறவிட்டு, அடுத்ததில் சேர்த்துச் சமாளித்திருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும்.)

வரிசையின் உயரம் கூடாமல் அகலத்தை மட்டும் அவர் அளவுக்குக் கொண்டுவர என்ன செய்யலாம்?