சேவ் ஆல் கோப்பு ஒன்று போதுமாம்!

அணிக்கோவை:
"20 வொர்க்ஸ்டேஷன் உள்ள ஆய்வகத்துக்கு மாக்சிமா எப்படிப் போடுவது" என்று ஒருவர் கேட்டிருந்தார். (மாக்சிமா என்பது எண்களோடு மட்டுமின்றி எழுத்துக் கோவைகளோடும் கணக்குப் போடும் இலவச மென்பொருள்.) அதற்கு நாற்படி கொடுத்த பதில் இது: "சர்வரில் ஒரே இடத்தில் போட்டு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மூலம் பகிருங்கள். சர்வரின் 64 ஜிபி ரேம் எல்லாருக்கும் கிடைக்கும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்க சேவ் ஆல் கோப்பு ஒன்று போதும்." கேட்டவர் இதை நம்பி வேலையை ஆரம்பித்துவிடுவார் என்பதால் தனித் திரியாகவே எழுதுகிறேன்.

என்எஃப்எஸ் பகிர்வது கோப்பை மட்டுமே. நிரல் ஓடுவது மாணவர் முன்னால் இருக்கும் பெட்டியின் பிராசசரில், அந்தப் பெட்டியின் ரேமில். 4 ஜிபி பெட்டியில் கோவை வீங்கினால் "ஹீப் எக்ஸாஸ்டட்" (நிரலுக்கான நினைவக இடம் தீர்ந்தது) என்று அங்கேயே விழும். சர்வரின் 64 ஜிபி அதற்கு எட்டாது. அது வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வசதி) வழியாக உள்ளே போய் சர்வரிலேயே ஓட்ட வேண்டும், இல்லையென்றால் சர்வரில் ஜூபிட்டர் வைத்து பிரவுசரில் திறக்க வேண்டும்.

அதைவிடக் கெடுதல் சேவ் ஆல், அதாவது சேவ் கட்டளையில் ஆல் என்று கொடுத்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதுவது. மாறிகள், சார்புகளோடு அது நிற்பதில்லை. பயனர் மாற்றிய சிஸ்டம் அமைப்புகளையும் சேர்த்தே எழுதும். மாக்சிமா கையேடே ஃபைல் சர்ச் மாக்சிமா என்ற மாறியைப் பெயர் சொல்லி உதாரணம் காட்டுகிறது. மாக்சிமா தன் பொதிகளைத் தேடும் பாதைப் பட்டியல் அதுதான். கொடுத்தவர் அந்தப் பட்டியலை மாற்றியிருக்கிறார், அவரிடம் மாக்சிமா 5.43, வாங்கியவரிடம் 5.46 என்று வையுங்கள். பட்டியலில் உள்ள பாதைகளில் பதிப்பு எண் இருக்கும். கோப்பை லோட் செய்த கணமே வாங்கியவரின் பட்டியல் போய், அவர் கணினியில் இல்லாத 5.43 பாதைகள் வந்து உட்காரும். அதன்பின் சால்வ் ரெக் பொதியைக் கூப்பிட்டால் "கோப்பு கிடைக்கவில்லை" என்று வரும். மாக்சிமா கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் மறுபடி நிறுவுவார்.

நாற்படி:
ரேம் கதையைப் பிறகு பேசலாம். சேவ் ஆல் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான். அமைப்புகளையும் சேர்த்து எழுதுவது குறை இல்லை, அதற்காகத்தான் அந்தக் கட்டளையே இருக்கிறது. ஃப்ளாக் (விடை வரும் விதத்தை மாற்றும் அமைப்பு) போகாமல் கோவை மட்டும் போனால் அந்தப் பக்கம் விடை மாறும். இது கூடத் தெரியாமல் தனித் திரி எதற்கு?

அணிக்கோவை:
தெரிந்துதான் திறந்தேன். ஃப்ளாக் உதாரணத்தையே எடுப்போம்.

மாக்சிமாவை அப்படியே திறந்து எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் கேட்டால் எக்ஸின் மட்டு மதிப்பு வரும். சரியான விடை. ராட்எக்ஸ்பாண்ட் என்ற ஃப்ளாக்கை ஆல் என்று வைத்துவிட்டால் வெறும் எக்ஸ் வரும். மிகை எண்ணோடு மட்டும் வேலை செய்பவர் வசதிக்காக அப்படி வைப்பார், அவருக்கு அது சரி. ஆனால் அவருடைய சேவ் ஆல் கோப்பை லோட் செய்தவருக்கும் அதே ஃப்ளாக் ஓசையில்லாமல் ஏறிவிடும். அவர் எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைச் சுருக்கி, பிறகு எக்ஸுக்கு கழித்தல் 3 கொடுப்பார். 9-இன் வர்க்கமூலம் 3. அவருக்குக் கிடைப்பது கழித்தல் 3. எச்சரிக்கையும் வராது, பிழைச் செய்தியும் வராது.

இதைத்தான் "ஒன்று போதும்" என்கிறீர்களா?

பகா97:
நடுவில் ஒன்று. மாக்சிமா லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஹீப் பிரச்சினை பெரும்பாலும் எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப்பில் கட்டிய மாக்சிமாவில்தான் இப்படி வரும். அதற்கு ஹீப் அளவு தொடங்கும்போதே முடிவாகிவிடும். பெரிய எக்ஸ் விருப்பத்தின் வழியாக டைனமிக் ஸ்பேஸ் சைஸ் 4096 என்று லிஸ்ப்புக்கு அனுப்பினால் 4 ஜிபி வரை போகும். பெட்டியில் 16 ஜிபி இருந்தும் ஹீப் சின்னதாக இருப்பதால் விழுவதைத்தான் பலர் "ரேம் பத்தவில்லை" என்று சொல்கிறார்கள். லிஸ்ப் எது என்றே கேட்காமல் ரேம் பேசுவது என்ன நியாயம்?

அணிக்கோவை:
சரியான தகவல். ஆனால் 4 ஜிபி பெட்டியில் 4096 என்று கொடுத்து கோவை வீங்கினால் ரேம் போதாமல் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பில் இறங்கி, மவுஸ் கூட நகராது. திரி சேவ் ஆல் பற்றியது. வேறு லிஸ்ப்பைப் பற்றிப் பேச வேறு இடம் பாருங்கள்.

பகா97:
திரியில் ஹீப்பை முதலில் இழுத்தது நீங்கள். அடுத்தவர் பேசினால் மட்டும் வேறு இடமா?

மீதித்தேற்றம்:
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். எழுத்துக் கோவைகளோடு கணக்குப் போடும் இந்தத் துறைக்குத் தமிழில் "குறியீட்டுக் கணிதம்" என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். குறியீடு என்றால் கோட் என்றும் பொருள். கோடிங் தியரி படிப்பவர்கள் அதையே குறியீட்டியல் என்கிறார்கள். "இயற்கணிதக் கணிமை" என்று எழுதினால் குழப்பமே இல்லை.

நாற்படி:
இயற்கணிதத்தோடு இது முடிகிறதா? தொகையிடல், வகையிடல், எல்லை எல்லாம் எங்கே போகும்? சொல் வைப்பவர்கள் ஒருமுறை மாக்சிமாவைத் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள்.

மீதித்தேற்றம்:
ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் அல்ஜீப்ரா என்று அரை நூற்றாண்டாகச் சொல்கிறார்களே, அவர்களும் திறந்து பார்க்காதவர்களா? உங்களுக்குத் தமிழ்ச் சொல் என்றாலே இளக்காரம். எண்பகுப்பாய்வுத் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

வெற்றுக்கணம்:
இத்தனை தொல்லை எதற்கு? மேத்தமேட்டிகா என்ற வணிக மென்பொருளின் நோட்புக்கைக் கொடுத்தால் உள்ளீடும் விடையும் ஒரே கோப்பில் போகும். திறந்து படிக்க இலவச பிளேயர் இருக்கிறது. இலவச மென்பொருளுக்கே உரிய தலைவலி இது. எம்ஐடி இலவசமாகக் கொடுத்த மாக்சிமாவை 50 வருடமாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

அணிக்கோவை:
எம்ஐடி இலவசமாகக் கொடுக்கவில்லை. 1968-இல் எம்ஐடியில் தொடங்கியது மாக்சிமா அல்ல, அதன் மூதாதை. அதன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் எம், ஏ, சி, எஸ், ஒய், எம், ஏ. குழப்பம் வராமல் இருக்க அதை மாக்சைமா என்றே எழுதுகிறேன். 1982-இல் அதன் ஒரு பிரதி அமெரிக்க எரிசக்தித் துறைக்குப் போனது. வணிக உரிமை சிம்பாலிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. எரிசக்தித் துறைப் பிரதியைக் காமன் லிஸ்ப்பில் எடுத்து வளர்த்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்டர். அதை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட அவருக்கு அனுமதி கிடைத்தது 1998-இல். 2001-இல் அவர் மறையும்வரை பராமரித்தார். இன்று நம் கையில் மாக்சிமா இருப்பது அந்த ஒருவரின் உழைப்பால்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் மாக்சைமாவைப் பகிர்ந்தது எப்படி? எம்ஐடியில் எம்சி என்ற பிடிபி-10 கணினி இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாக வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் அதற்குள் நுழைந்து அங்கேயே கணக்குப் போட்டார்கள். பயனர்கள் எழுதிய பொதிகளை ஷேர் என்ற கோப்பகத்தில் மூல நிரலாக வைத்தார்கள். இன்றைய மாக்சிமாவிலும் அதே பெயரில் ஒரு கோப்பகம் இருக்கிறது. உள்ளே பாருங்கள், பொதிகள் எல்லாம் மூல நிரலாகவே இருக்கும். சேவ் ஆல் கோப்பாக யாரும் பகிரவில்லை.

வெற்றுக்கணம்:
வரலாற்றுப் பாடம் கேட்கவில்லை. நோட்புக் பற்றிப் பதில் இல்லை, அதனால் 1968-க்குப் போய்விட்டீர்கள்.

பகா97:
நோட்புக் கோப்பும் உரைதான், எந்த எடிட்டரிலும் திறக்கும். ஆனால் பிளேயரில் படிக்கலாம், மாற்றி ஓட்ட உரிமம் வேண்டும். நெட்வொர்க் உரிமத்தில் 10 இடம் வாங்கிய ஆய்வகத்தில் 11-ஆவது மாணவர் யாராவது மூடும்வரை காத்திருக்க வேண்டும். ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் 2013 முதல் மேத்தமேட்டிகாவை இலவசமாகத் தருகிறார்கள். அதற்காக 20 பை வாங்கச் சொல்வீர்களா?

நாற்படி:
மறுபடி விஷயத்துக்கு வருகிறேன். அணிக்கோவை இன்னும் மாற்று வழி சொல்லவில்லை. கட்டளைகளை எழுதி வைத்த மேக் கோப்பு கொடு என்பார். 6 மணி நேரம் ஓடிய தொகையீட்டை வாங்கியவர் மறுபடி 6 மணி நேரம் ஓட்ட வேண்டுமா? சேவ் ஆல் கோப்பில் விடை தயாராக இருக்கிறது. லோட் செய்தால் சில நொடி.

அணிக்கோவை:
சேவ் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆல் வேண்டாம் என்கிறேன். சேவ் கட்டளையில் கோப்புப் பெயருக்குப் பின்னால் வேண்டிய மாறியின் பெயரை மட்டும் கொடுங்கள். விடை மட்டும் போகும். பாதைப் பட்டியல் போகாது, ராட்எக்ஸ்பாண்டும் போகாது. அதோடு அந்த விடை எப்படி வந்தது என்று காட்டும் மேக் கோப்பு ஒன்று. (மேக் என்பது இங்கே கோப்பின் பின்னொட்டு. ஆப்பிள் கணினி என்று நினைத்து இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள்.) அந்த மேக் கோப்பின் முதல் வரிகளில் ஃப்ளாக்குகளை வெளிப்படையாக எழுதுங்கள். வாங்குபவர் கண்ணில் படும், வேண்டாமென்றால் அழிப்பார்.

டபிள்யூஎக்ஸ்மாக்சிமா (மாக்சிமாவுக்கான சாளர முகப்பு) பயன்படுத்துபவர்கள் டபிள்யூஎக்ஸ்எம் வடிவில் சேமியுங்கள். அது உரை, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலில் வைத்தால் வரிக்கு வரி வித்தியாசம் தெரியும். கடைசியில் இன்னொரு எக்ஸ் சேர்ந்த வடிவம் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே எக்ஸ்எம்எல்லும் படங்களும் இருக்கும், கிட்டில் வித்தியாசம் எளிதில் தெரியாது.

மேக் கோப்பை உள்ளீடாகத் திருப்பிவிட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. எக்ஸின் என் அடுக்கைத் தொகையிடச் சொன்னால் "என் என்பது கழித்தல் 1-ஆ?" என்று மாக்சிமா கேட்கும். எதிரில் ஆள் இல்லை. உங்கள் அடுத்த கட்டளை வரியையே பதிலாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டளை ஓடவே ஓடாது. தொகையிடும் முன்பே அஸ்யூம் வரியில் என் கழித்தல் 1-க்குச் சமமல்ல என்று சொல்லிவிட வேண்டும்.

நாற்படி:
மாறி மட்டும் அனுப்பினால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறீர்கள். சேவ் எழுதும் கோப்பை எடிட்டரில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அது லிஸ்ப் உரை. ஒவ்வொரு கோவையின் தலையிலும் சிம்ப் என்ற முத்திரை இருக்கும். "இது ஏற்கெனவே சுருக்கியாயிற்று" என்று பொருள். வாங்கியவரின் ஃப்ளாக் வேறாக இருந்தாலும் மாக்சிமா அந்தக் கோவையைத் திரும்பச் சுருக்காது. கொடுத்தவருடைய எக்ஸ் அங்கேயும் எக்ஸாகவே இருக்கும், மட்டு மதிப்பாகாது. ஆக ஃப்ளாக் இல்லாமல் அனுப்பினால் கோவை ஒரு விதியில், புதுக் கணக்கு இன்னொரு விதியில். இரண்டும் கலந்த விடைக்கு யார் பொறுப்பு? சேவ் ஆல் போட்டால் எல்லாம் ஒரே விதி.

பகா97:
சிம்ப் முத்திரை பற்றி நாற்படி சொன்னது சரி. எக்ஸ்பாண்ட் கட்டளையில் கோவைக்குப் பின் இரண்டு பூஜ்யம் கொடுத்தால் விரிக்காமல் மறுபடி சுருக்க மட்டும் செய்யும்.

அணிக்கோவை:
அப்படிச் சுருக்கினாலும் போன மட்டு மதிப்பு திரும்பி வராது, எக்ஸ் என்று ஆனது ஆனதுதான். அதனால்தான் மேக் கோப்பையும் சேர்த்துக் கொடு என்கிறேன். சிம்ப் முத்திரை என் கட்சிக்குத்தான் சாட்சி.

நிறுவும் வேலைக்கும் எழுதிவிடுகிறேன், கேட்டவர் பாவம். என்எஃப்எஸ்ஸில் வைப்பதே தப்பில்லை, படிக்க மட்டும் என்று ஏற்றுமதி செய்யுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பாதையில் மவுன்ட் ஆக வேண்டும். மாக்சிமாவுக்குப் பாதை மாறினால் மாக்சிமா ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறி கைகொடுக்கும், சேஜ்மேத்துக்கு (மாக்சிமாவையும் உள்ளடக்கிய பெரிய கணித மென்பொருள்) அதுவும் இல்லை. கட்டிய இடத்தின் பாதை அதன் கோப்புகளுக்குள் பதிந்திருக்கும். சர்வரில் புதிய உபுண்டு, பெட்டியில் பழையது என்றால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பதிப்பு இல்லை என்று நிரல் தொடங்கவே தொடங்காது. இருப்பதிலேயே பழைய பெட்டியில் கட்டுங்கள். வீட்டுக் கோப்பகமும் என்எஃப்எஸ்ஸில் இருந்தால் ஜூபிட்டருக்குள் ஓடும் ஐபைத்தான் தன் கட்டளை வரலாற்றை எழுதும் எஸ்க்யூலைட் தரவுக் கோப்பு பூட்டிக்கொண்டு ஜூபிட்டர் தொங்கும். அந்தக் கோப்பை மட்டும் உள்ளூர் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

பொதுப் பொதிகளை எல்லாரும் பார்க்க, தேடல் பட்டியலின் முன்னால் உங்கள் பாதையைச் சேருங்கள். கோப்பகத்தின் பெயர் மட்டும் போதாது. கடைசியில் கோப்புப் பெயருக்கான இடக்குறி, ஒரு புள்ளி, பிறகு நெளிவு அடைப்புக்குள் மேக் என்று வர வேண்டும். பட்டியலையே தூக்கிவிட்டு ஒரு பாதை மட்டும் வைத்தால் மாக்சிமாவின் சொந்தப் பொதிகள் காணாமல் போகும்.

மீதித்தேற்றம்:
இவ்வளவு நீளமாக எழுதியதில் "கோப்பகம்" சரி, "ப்ரிஃபிக்ஸ்" எதற்கு? முன்னொட்டு என்று ஒரு சொல் இல்லையா?

அணிக்கோவை:
சூழல் மாறியின் பெயரை மொழிபெயர்த்தால் கணினிக்குப் புரியாது. போதும்.

வெற்றுக்கணம்:
கடைசி மூன்று பதிவில் இரண்டு அணிக்கோவையுடையது. இது விவாதமா, அவருடைய கையேடா?

நாற்படி:
நீளமாக எழுதினால் பதில் ஆகிவிடாது. என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஃப்ளாக் போகாமல் கோவை மட்டும் போனால் இரண்டு விதி கலக்கும். சேவ் ஆல் போட்டால் கலக்காது.

அணிக்கோவை:
வாங்கியவர் ஏற்கெனவே போட்டு வைத்த கணக்குகள் என்ன விதியில் இருந்தன? அவையும் அவர் கணினியில்தானே இருக்கின்றன? சேவ் ஆல் ஏறியதும் கலப்பது அங்கேதான்.

நாற்படி:
அவர் புது செஷன் திறந்து லோட் செய்ய வேண்டும். அது கூடத் தெரியாதவருக்கா மாக்சிமா?

அணிக்கோவை:
"புது செஷன் திறந்து" என்பது உங்கள் முதல் பதிலில் எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது "ஒன்று போதும்".