அடிபட்ட கற்பனைப் போர் எந்திரம்: சேதத்தை எந்த அடிப்படையில் வரைவது?

அஸ்தம்பட்டி ஓவியன் (கேள்வி):
வணக்கம். ஏற்காட்டில் தொடங்கிச் சேலத்தில் முடியும் ஒரு சித்திரக்கதைக்காக, நான்கு கால்களில் நடக்கும் எஃகுக் கவச எந்திரம் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். கோட்டோவியம் நிறைவாக வந்துள்ளது. பல மாதங்களாகப் போரில் இருக்கும் அந்த எந்திரத்தில் கீறல், துரு, குண்டு பட்ட தழும்பு ஆகியவற்றை எங்கே, எந்த அளவில் வைப்பது என்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கருப்பூர் வாசகர்:
தம்பி, எது எதோடு உரசுகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கீறல் தானாக இடம்பிடித்துக்கொள்ளும். வேலை நடக்கும் இடத்தில் ஒரு பொக்லைன் வண்டியை நிதானமாகக் கவனியுங்கள். பக்கெட்டின் பற்கள் மண்ணில் உரசிப் பளபளக்கும். பக்கெட்டின் அடிப்புறத்தில் பெயிண்டே இருக்காது. ஆனால் மண் தொடாத மேற்கையில் மஞ்சள் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கையை நீட்டி மடக்கும் ஹைட்ராலிக் ராடு (எண்ணெய் அழுத்தத்தால் நகரும் தண்டு) எவ்வளவு பழைய வண்டியிலும் மின்னும், ஏனென்றால் அதற்குக் குரோம் பூச்சு உண்டு, உள்ளே போய் வரும்போதெல்லாம் வாயில் உள்ள சீல் வளையம் அதைத் துடைத்துவிடுகிறது. அதே ராடு நுழையும் வாயைச் சுற்றிக் கசியும் எண்ணெயில் தூசி ஒட்டிக் கறுத்துக் கிடக்கும். இந்த மினுக்கமும் கறுப்பும் அருகருகே இருப்பதை உங்கள் எந்திரத்தின் முழங்கால் மூட்டில் கொண்டுவந்தால், அது நடந்து பழகிய எந்திரம் என்று பார்ப்பவர் உடனே நம்புவார். வீரர்கள் ஏறும் படி, பிடிக்கும் கைப்பிடி, திறக்கும் மூடியின் விளிம்பு ஆகிய இடங்களிலும் பெயிண்ட் தேய்ந்திருக்க வேண்டும்.

பட்டறைத் தூரிகை:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும், துருவை அள்ளிப் பூச வேண்டாம் என்று வலியுறுத்த விரும்புகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் துரு குறைவு. பெயிண்ட் போன இடங்களிலும், சூடேறி ஆறும் சைலன்சர் குழாயிலும்தான் அது முதலில் தெரியும். எரிந்துபோன எந்திரத்தின் கதை வேறு: பெயிண்ட் கருகி உதிர்ந்தபின், மழையோ பனியோ பட்டால் வெற்று எஃகு சில நாள்களிலேயே செம்மஞ்சளாகிவிடும். குண்டுத் தழும்பிலும் கோணம் முக்கியம். சாய்வாகப் பட்டு விலகிய குண்டு நீண்ட பள்ளத்தை இழுத்துவிட்டுப் போகும். நேராகத் துளைத்தது உருண்டையான ஓட்டையை விடும். துப்பாக்கித் தோட்டா தடித்த கவசத்தில் பெயிண்டைத்தான் பெயர்க்கும். எல்லாத் தழும்புகளும் எதிரி இருந்த திசையை நோக்கியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டி ஓவியன்:
மிக்க நன்றி ஐயா. எந்திரம் மலையிலிருந்து இறங்கி மாக்னசைட் சுரங்கப் பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கே மண்ணை எப்படிக் காட்டலாம்?

கருப்பூர் வாசகர்:
கதைக்களமே உங்களுக்கு இரண்டு நிறங்களைக் கொடுத்துவிட்டது. ஏற்காட்டின் பாக்சைட் மண் செம்பழுப்பு. மாக்னசைட் தூசி வெள்ளை. மலையில் மிதித்த சேறு பாதத்தின் இடுக்குகளிலும் போல்ட் தலைகளைச் சுற்றியும் காய்ந்து இறுகியிருக்கட்டும். அதன் மேல், கிடைமட்டமான பரப்புகளில் மட்டும், வெள்ளைத் தூசி மெல்லியதாகப் படியட்டும். சிவப்பு அடியில், வெள்ளை மேலே என்ற இந்த வரிசையை மாற்றிவிட்டால் எந்திரம் கீழிருந்து மலை ஏறியதாக ஆகிவிடும். ஆகவே தூரிகையை எடுக்கும்போதே சிவப்பிலிருந்து தொடங்குங்கள்.