ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு துடிப்பு வருகிறது: சுழியா, எதிரொலியா?

கேட்டவர்:
திறந்த தாரைக் காற்றுச் சுரங்கத்தில் (அளவிடும் இடத்தில் காற்றுத்தாரையைச் சுற்றிச் சுவர் இல்லாத சுரங்கம்), 1.2 மீட்டர் விட்டமும் இரண்டு பிளேடும் கொண்ட மாதிரி ரோட்டாரை நிமிடத்துக்கு 3,450 சுற்றில் ஓட்டி, தரையிறங்கும் ஹெலிகாப்டரின் படபடப்பு ஓசையை அளந்து வருகிறேன். காற்றின் வேகம் விநாடிக்கு 33 மீட்டர். முன்னே சென்ற பிளேடின் நுனிச்சுழியை (பிளேடின் நுனியிலிருந்து கழன்று பின்தங்கும் காற்றுச்சுழலை) பின்வரும் பிளேடு வெட்டும்போது எழும் கூரிய துடிப்பு எதிர்பார்த்தபடியே பதிவாகிறது. ஆனால் 2.4 மில்லிவிநாடி கழித்து, பாதி உயரத்தில் இன்னொன்றும் தவறாமல் வருகிறது. சுழற்சிக் கோணத்தில் அது ஏறத்தாழ 50 பாகை என்பதால், இரண்டாவது சுழியுடனான மோதல் என்று எழுதிவைத்தேன். என் வழிகாட்டி ஏற்கவில்லை. எப்படி உறுதிசெய்வது?

முதல் பதில்:
இரண்டு துடிப்புகளுக்கும் உள்ள இடைவெளி பாகையில் நிலைக்கிறதா, மில்லிவிநாடியில் நிலைக்கிறதா என்று பாருங்கள். சுற்றை 3,000 ஆகக் குறைத்து, காற்றையும் அதே விகிதத்தில் 28.7 மீட்டருக்கு இறக்குங்கள். காற்றை அப்படியே விட்டால் சுழிகளின் பாதையே மாறிவிடும். சுழிமோதல் என்றால் கோணம் ஏறத்தாழ அப்படியே இருக்க, இடைவெளி 2.8 மில்லிவிநாடியாக நீளும். எதிரொலி என்றால் 2.4 அசையாது.

கேட்டவர்:
அசையவில்லை. ஆனால் சுவர் முழுவதும் 5 சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு ஒட்டியிருக்கிறோமே?

இரண்டாம் பதில்:
அந்தத் தடிமன் கால் அலைநீளமாவது 1,700 ஹெர்ட்ஸில்தான். அதற்குக் கீழே போகப்போக உறிஞ்சுதல் குறையும். ஜெர்மன்-டச்சு காற்றுச் சுரங்கத்தில் 2001-இல் நடந்த இரண்டாவது ஹார்ட் (HART, ஹெலிகாப்டர் ரோட்டாரின் ஓசையை அளந்த ஆய்வு) சோதனையில் இவ்வோசையை, பிளேடு கடக்கும் அதிர்வெண்ணின் (விநாடிக்கு எத்தனை பிளேடு ஓரிடத்தைக் கடக்கிறது என்பதன்) 6 முதல் 40 மடங்கு வரையில் கணக்கிட்டார்கள். உங்களுக்கு அது 690 முதல் 4,600 ஹெர்ட்ஸ் வரை. கீழ்ப்பகுதி பஞ்சுக்கு அடங்காது. எனினும் சுவரைச் சந்தேகிக்கும் முன் மைக்ரோபோனைத் தாங்கும் சட்டத்தைப் பாருங்கள், பலரும் அதைத்தான் மறக்கிறார்கள். 2.4 மில்லிவிநாடி என்பது 82 சென்டிமீட்டர் கூடுதல் பாதை. நாடாவால் அளந்து தேடலாம்.

கேட்டவர்:
நகர்த்தும் சட்டத்தின் கீழ்த்தண்டவாளத்தில் பட்டுத் திரும்பும் பாதை 81 சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. அதைத் தடித்த பஞ்சால் சுற்றியதும் இரண்டாவது துடிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 200 சுற்றுகளின் சராசரியில் முதல் துடிப்பு மட்டும் இன்னும் மழுங்கலாகவே தெரிகிறது.

முதல் பதில்:
சுழி சற்றே அலைவதால் துடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் முன்பின்னாக வரும். அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் முனை மழுங்கவே செய்யும். முதலில் தனித்தனிச் சுற்றுகளின் உச்சங்களை எடுத்துப் பரவலைப் பாருங்கள், பிறகு சராசரியைத் தொடுங்கள்.