புதுப்பிப்பு: ட்ரெய்லரின் டயர் ஏன் தேய்ந்தது என்று தெரிந்துவிட்டது

ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா மண்சாலைக்காக நானே செய்த, வண்டியின் பின்னால் இழுத்துச்செல்லும் ட்ரெய்லரைப் பற்றிச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். சக்கரங்களை இணைக்கும் குறுக்கு அச்சு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கி நீளும் தனிக் கை (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் தண்டு), ஒரு காயில் ஸ்பிரிங். முதல் ஓட்டத்திலேயே இடது டயரின் உள்விளிம்பு தேய்ந்தது, சுமை ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்தது; ஏன் என்பதே என் கேள்வி.

டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவினேன். ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகக் கீறியது. சக்கரம் நேராக உருளாமல் இழுபடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வண்டியோடு மாட்டும் கொக்கியின் மையத்திலிருந்து இரு பக்கமும் அளந்தேன்; வெல்டிங் சூட்டில், இடது சக்கரத்தின் கையைச் சட்டத்தோடு பிடிக்கும் பிராக்கெட் 4 மி.மீ. இழுத்துக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்து, இரண்டு பிராக்கெட்டுகளின் துளைகளிலும் ஒரே தடித்த குழாயைச் செருகி, சிறு சிறு தையல்களாக, பக்கம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்தேன். இப்போது அளவு சரி.

தாழ்ந்ததற்கு என் கணக்குதான் காரணம். கையின் நீளம் 500 மி.மீ., ஸ்பிரிங் அது சட்டத்தில் அசையும் முனையிலிருந்து 350 மி.மீ.-இல் இருக்கிறது. விகிதம் 0.7. சக்கரத்தில் கிடைக்கும் விறைப்புக்கு, ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது 0.49-ஆல் பெருக்க வேண்டும், நான் 0.7-ஆல் பெருக்கிவிட்டேன். சுட்டிக்காட்டிய நண்பருக்கு மனமார்ந்த நன்றி. ஒன்றரை மடங்கு விறைப்பான ஸ்பிரிங் மாட்டியாயிற்று.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்தான் பாக்கி. அலையலையான சாலையில் அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும், அடக்கும் வலு குறையும். மணல் மூட்டைகளை ஏற்றி அடுத்த வாரம் ஓட்டப்போகிறேன்.